கத்தத் தெரியாத கதாநாயகி

ஜூன் 3

இன்று நூலகத்துக்கு ஒரு சினிமா இயக்குநர் வந்தார். கொலைகாரச் சிலந்திகள் ஒரு சின்ன ஊரையே பிடித்துக்கொள்ளும் படமாம். பயமும் வர வேண்டும், சிரிப்பும் வர வேண்டுமாம். எங்கள் ஊரில்தான் எடுக்கிறார். சிலந்திப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவள் இங்கே நான் ஒருத்திதானே! முக்கால் மணி நேரம் சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "சிலந்தியப் பாத்து முதல்ல அலறுற பொண்ணு ஒண்ணு வேணும்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது பார்த்து, என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தாள் தங்கை. வாயில் பென்சில்.

"இந்த முகம்! இந்த முகந்தான்!"

ஜூன் 4

வயிறு எரிகிறது.

ஜூன் 9

அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். தொண்டைக்கு இதமாகத் தேன் கலந்த வெந்நீர் வேறு. எனக்கும் தொண்டை இருக்கிறது. "உனக்கெதுக்குடி? நீ படிக்கிற பொண்ணு" என்கிறாள் அம்மா. படிக்கிற பொண்ணு என்றால் என்ன, ஊமையா?

எனக்குக் கிடைத்த வேலை, ரப்பர்ச் சிலந்திப் பெட்டியைத் தூக்குவது. அவை எல்லாவற்றுக்கும் ஆறு கால்கள்தான். இயக்குநரிடம் சொன்னேன். "யாரும்மா எண்ணப் போறா?"

நான் எண்ணினேனே!

ஜூன் 11

அவளுக்குக் கத்தவே வரவில்லை! ஒன்பது தடவை எடுத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "பாப்பா, பூனைக்குட்டி கொட்டாவி விடுற மாதிரி இருக்கு" என்றார். நாளையும் வராவிட்டால் வேறு பெண்ணாம். சந்தோஷப்படக் கூடாது. பட்டேன்.

நிஜமாகவே பயந்தால் அவளுக்கு வாயடைத்துவிடும், ஓடிவிடுவாள். இது எனக்கு மட்டுந்தான் தெரியும் —

ஜூன் 12

எழுதக் கை கூசுகிறது. காலையில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த பெரிய சிலந்தியை டம்ளரால் மூடிப் பிடித்து, பெட்டியில் ரப்பர்ச் சிலந்திகளோடு விட்டேன். கடித்தாலும் ஆபத்தில்லாத வகைதான். புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன்.

பெட்டியைக் கொட்டியதும் அது அவள் காலடியில் விழுந்தது. அவள் ஓடவில்லை. ரப்பர் என்றே நினைத்துவிட்டாள்! "செருப்பால அடிச்சுக்கிட்டே கத்து!" என்றார் இயக்குநர். ஓங்கினாள். அப்போதுதான் பார்த்தேன், சிலந்தியின் வயிற்றடியில் வட்டமாக, வெள்ளையாக முட்டைப் பை. பிடித்த அவசரத்தில் கவனிக்கவில்லை. நான், கவனிக்கவில்லை! அத்தனை குஞ்சுகளையும் நானா சாகக் கொண்டுவந்தேன்?

கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. இயக்குநர் நாற்காலியோடு சாய்ந்தார். தங்கை செருப்பை நழுவவிட்டு வாயைப் பிளந்து நின்றாள். சிலந்தி சுவரேறித் தப்பியது. ஒலிப்பதிவாளர் மட்டும் கட்டைவிரலை உயர்த்தினார்.

சாயங்காலம் தங்கை கேட்டாள்: "அக்கா, அதுக்கு எட்டுக் காலும் சரியா இருந்துச்சே. அது ரப்பர் இல்லதானே?"

நான் புத்தகத்தை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 20

படம் பார்த்தோம். திரையில் வாயைப் பிளந்த அவள் முகம். அலறல் என்னுடையது. தியேட்டரே ஒருமுறை துள்ளிவிட்டுச் சிரித்தது. வெளியே வந்ததும் ஆளாளுக்கு அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். என் கன்னம் சும்மாவே இருந்தது.

நவம்பர் 22

மாடி வீட்டு அத்தை வந்தார். "எங்க, அந்தக் கத்து கத்திக் காட்டு பாப்போம்!"

தங்கை என்னைப் பார்த்தாள். "அக்கா கதவுக்குப் பின்னாடி நின்னாத்தான் எனக்கு வரும்."

போய் நின்றேன். அவள் வாயைத் திறந்தாள், நான் கத்தினேன். அத்தையின் காபி மடியில் கொட்டியது.

அத்தை தந்த சாக்லேட்டை உடைத்து, ஒரு பாதியைக் கதவிடுக்கு வழியாக நீட்டினாள். சின்ன பாதியோ என்று பார்த்தேன்.

பெரிய பாதிதான்.