ஆடுகளுக்குக் கைதட்டிய ஊர்

ஆகஸ்ட் 3, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மேற்கே கறுத்துவிட்டு ஏமாற்றிப் போனது மழை.

ஒன்பதாம் வகுப்புக்கு வேர்கள் பாடம். மதியம் யூனியன் ஆபீஸிலிருந்து அதிகாரியே வந்தார். புதன் சாயங்காலம் சந்தை மைதானத்தில் படம் போடுகிறார்கள். மண் அரிப்பு, மலை, மரம் பற்றி. பேச்சு முழுக்க இங்கிலீஷ், தமிழ் ரீல் கிடைக்கவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் மைக்கில் தமிழில் சொல்ல வேண்டுமாம். "பாட்டனி படிச்சவங்க இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்" என்றார். முகஸ்துதி. பிடித்திருந்தது.

படம் முடிந்ததும் ஜனங்களைக் கை தூக்கச் சொல்வார்கள். செட்டிகுளத்துக்குப் பின்னால் இருக்கும் மலைச் சரிவை மேய்ச்சலுக்கு மூடிவிடலாமா என்று கேட்க. கை உயர்ந்தால் தீர்மானம்.

மூடட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு வருஷமாக என் பள்ளிப் பெண்கள் அங்கே நட்ட கன்றுகள், இன்றைக்கு வெறும் குச்சிகள்.

ஆனால் அங்கே மேய்கிறவை முனியம்மாவின் பதினொரு ஆடுகள். அவளுக்கு வேறு பிழைப்பில்லை. பதினாறு வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு நம் வாசலில் கழுநீரும் பழத்தோலும் வாங்கிப் போகிறவள். என் வயது. நான் டைபாய்டில் கிடந்தபோது ஜன்னல் பக்கம் நின்று ஊர்க்கதை எல்லாம் சொன்னவள்.

அவளிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

வெயில். ரவிக்கைக்குக் கொக்கி இரண்டு தைக்கணும். உளுந்து வாங்கணும்.

காலையில் மு. வந்ததும் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "நீதான் படத்துக்குப் பேசப் போறியாமே டீச்சரம்மா! நான் முன்னாடியே வந்து எடம் புடிச்சிடுவேன், பாரு." அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

மாலை ஆபீஸ் சுவரில் படத்தை ஒரு தடவை ஓட்டிக் காட்டினார்கள். குறிப்பு:
மொட்டை மலை, செம்மண் ஓடை.
ஆடுகள். நீளமான காட்சி.
"ஆடே மலையின் எதிரி."
பள்ளிப் பிள்ளைகள் கன்று நடுதல்.
அடர்ந்த காடு, ஆறு. (கறுப்பு வெள்ளைப் படம். பச்சையை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.)

இவர் தபால் ஆபீஸிலிருந்து வந்ததும் படித்துக் காட்டினேன்.

"எதிரின்னா சொல்லப் போறே? அவ முன்வரிசையில இருப்பாளே."

"உண்மைதானே?"

"உண்மைதான். வியாழக்கிழமை கழுநீரை யாருக்கு ஊத்துவே?"

சிரித்தேன். படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

நேற்று எழுதக் கை ஓடவில்லை.

நல்ல கூட்டம். மசூதித் தெருப் பெண்கள் பாயோடு வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார்கள். மு. முன்வரிசை நடுவில். எனக்குக் கை ஆட்டினாள்.

மொட்டை மலைக்கு யாரும் அசையவில்லை. ஆடுகள் வந்தன, மைதானமே எழுந்துவிட்டது. கைதட்டல், சீழ்க்கை.

"அட, அந்தக் கெடாவப் பாருடா!"

"கொம்பு இன்னா கொம்பு!"

கறிக்கடை பாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடை சொன்னார், "பதினஞ்சு கிலோ தேறும்." பின்னாலிருந்து யாரோ, "இருவது, பாய்! கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு!" படம் எடுத்தவர்கள் வில்லனாகக் காட்டியவை இங்கே கதாநாயகர்கள்.

எழுதி வைத்ததைப் படித்தேன். "ஆடே மலையின் எதிரி." மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

கைதட்டல் நின்றது. மு. எழுந்தாள். திரையில் பாதி அவள் நிழல்.

"யாரு? என் ஆடா எதிரி? மலையில மரத்த வெட்டிச் சூளைக்கு ஏத்துனது ஆடா?"

"உக்காரு முனியம்மா, மறைக்குது!"

உட்காரவில்லை. திரையில் பிள்ளைகள் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த டீச்சரம்மாவும்தான் நட்டுச்சு. இன்னா நட்டுச்சு? பூவரசு, வாகை, கல்யாண முருங்கை. ஏம்மா, என் ஆட்டுக்குப் புடிச்சதா பொறுக்கியெடுத்து விருந்து வெச்சது நீ. துன்னுட்டுதுன்னு திட்டுனா அது இன்னா பண்ணும்?"

ஊரே சிரித்தது. அதிகாரியும். மைக்கைக் கீழே வைத்தேன். காட்டுக்கும் ஆற்றுக்கும் நான் பேசவே இல்லை.

கை தூக்கச் சொன்னபோது ஒரு கைகூட உயரவில்லை. "ஆட்டு ரீல இன்னொரு தபா போடு சார்!" போட்டார்கள்.

கிளம்பும்போது அதிகாரி, "தீர்மானம் இல்லாட்டி என்ன, உங்க கருத்தை எழுதிக் குடுங்க டீச்சர். சனிக்கிழமைக்குள்ள. அப்படியே மேல அனுப்பிடறேன்" என்றார். ஆக, மூடுவதும் மூடாததும் என் ஒரு தாளில்.

இன்று ஏழு மணி. ஏழரை. மு. வரவில்லை. ஆடுகள் அடுத்த தெரு வழியாகப் போயின. மணிச்சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஆடி அமாவாசை. விடிவதற்கு முன்பே மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள். பஸ் கூரையிலும் ஜனம்.

மு. கோயிலுக்குப் போயிருப்பாள் என்கிறார் இவர். நேற்று அமாவாசை இல்லையே.

சிரித்தது வலிக்கவில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் வலிக்கிறது. இலையைப் பார்த்து அதன் குடும்பப் பெயர் சொல்லக் கல்லூரியில் கற்றுக்கொண்டேன். எது ருசியானது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"மூடலாம்" என்று ஒரு தாள் எழுதினேன். கிழித்தேன். "மூட வேண்டாம்" என்று ஒன்று. எனக்குக் கன்றுகளும் வேண்டுமே. அதையும் கிழித்தேன்.

வாழைக்காய் வறுவலில் உப்பு இரண்டு தடவை. இவர் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 8, சனி

தூறல். ஆறரைக்கே வாசலில் மு. இலையில் மலையனூர்க் குங்குமம்.

"இன்னா, கழுநீர வேற யாருக்கானா ஊத்திட்டியா?"

"எதிரிக்கு ஊத்தலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "உன் கையிலதான் இருக்குதாமே, படம் போட்ட வேன்காரு சொன்னாரு. மூடிட்டா பதினொண்ணையும் வித்துட்டு நான் சூளையில கல்லு சொமக்கத்தான் போவணும்."

"அப்ப அங்க மரமே வேண்டாமா?"

"யாரு வேணாம்னா? உச்சி வெயில்ல அங்க குந்தினு இருக்கறது நீயா, நானா?"

இரண்டு வருஷத்தில் இதை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

விரல் மடக்கிச் சொன்னாள். ஆடு வாய் வைக்காதவை: நொச்சி, ஆடாதொடை, புங்கன். அவை வெளிவரிசைக்கு. பூவரசும் வாகையும் உள்ளே. சுற்றி இலந்தை முள். குளத்தை ஒட்டி ஒரு துண்டை மட்டும் மூடுவது, மீதி மேய்ச்சலுக்கு. அந்தத் துண்டில் அவள் ஆடு நுழைந்தால் அவளைக் கேட்கலாம்.

அப்படியே எழுதினேன். யோசனை அவளுடையது என்று பெயரும் போட்டேன்.

"என் பேரு இன்னாத்துக்கு?"

"நீதானே சொன்னே?"

"அப்போ பெருசா எழுது."

முள்வேலி இடுப்பளவு என்று எழுதியதை நான் படித்துக் காட்டியதும், "இரு" என்று போனாள். பெரிய கெடாவை இழுத்து வந்து, சுவரோரம் முருங்கைக் கொத்தைத் தூக்கிப் பிடித்தாள். அது பின்னங்காலில் நின்று, முன்னங்காலைச் சுவரில் ஊன்றி, கழுத்தை நீட்டியது. "கோடு போடு, சீக்கிரம்!" சாக்பீஸால் போட்டேன். என் நெற்றிக்கு நேர். இவர் சவர நுரையோடு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இடுப்பளவை அடித்துவிட்டு "ஓராள் உயரம்" என்று எழுதினேன். மு. எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது.

"அதுக்கு மேல ஒரு சாண் சேத்து எழுது டீச்சரம்மா. இது இன்னும் வளரும்."