ராகு காலத்தில் கிளம்பாத பஸ்

அன்பு மகன் டெல்வினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் உன் மனைவி வினிதாவும் குழந்தை லிபியாவும் சுகம், நீயும் தோஹாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்புகிறாய், அதற்கு அர்த்தம் தேட எனக்குப் பொறுமை இல்லை, அதனால் அங்கே வருகிற தானிஷ் கையில் இந்தக் கடிதத்தையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை எடுத்துக்கொண்டு கடிதத்தை அவனிடமே விட்டுவிடாதே.

நம் ஊர் நகராட்சி பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று வினிதா போனில் அழுதாளாம், அதற்கு நீ, பஸ் இல்லன்னா வேலைய வுட்டுட்டு ஊட்ல இரு என்றாயாம். சேர்மன் கிருஷ்ணப்பனும் அச்சு அசலாக இதையேதான் சொன்னார். அவர் எட்டாவது ஃபெயில், நீ டிப்ளமோ, உன்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க நான் அலைந்த அலைச்சலை நினைத்துக்கொண்டேன். அந்தப் பஸ்ஸில் ஓசியில் பள்ளிக்கூடம் போனவன் நீ, ஆனாலும் அதன் வரலாறு உனக்குத் தெரியாது, சொல்கிறேன் கேள்.

இந்தப் பக்கம் ஃபேக்டரிகள் வர ஆரம்பித்த காலத்தில் பெரிய பஸ்ஸெல்லாம் நம் ஊருக்குள் வராமல் பைபாஸோடு போய்விடுகிறது என்று நகராட்சியே சொந்தமாக இரண்டு பஸ் வாங்கியது. ஊரிலிருந்து குருபரப்பள்ளி வழியாகச் சூளகிரிப் பக்கத்து ஃபேக்டரி கேட் வரை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் போர்டு எழுதினார்கள், மூன்றிலும் சேர்மன் பெயர்தான் பெரிது, பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்பதைக் குனிந்து படிக்க வேண்டும். அதற்குப் பிறகு சேர்மன் மாறும்போதெல்லாம் பஸ்ஸுக்கு அவர் கட்சி நிறம் அடித்தார்கள், எஞ்சினை மட்டும் எந்தக் கட்சியும் தொடவில்லை. ரிட்டையர் ஆகும்வரை அதை ஓட்டிய உன் அப்பா, தகரமெல்லாம் எப்பவோ போச்சு, பெயிண்ட்டுதான் பஸ்ஸா நிக்குது என்பார்.

கிருஷ்ணப்பன் முதல் தடவை சேர்மனாக இருந்தபோது ஒரு திங்கட்கிழமை காலையில் பஸ் ஒரு எருமையை இடித்தது. எருமைக்கு ஒன்றுமில்லை, எழுந்து மேயப் போய்விட்டது, பஸ்ஸுக்குத்தான் மூஞ்சி போனது. பிரேக் பிடிக்கவில்லை என்று உன் அப்பா எழுதிக் கொடுத்தார். கிருஷ்ணப்பன் பிரேக்கை விட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம், இனிமேல் ராகு காலத்தில் நகராட்சி பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்று உத்தரவு போட்டார். டிரைவர் உன் அப்பா யேசுராஜ், கண்டக்டர் சாந்த் பாஷா, இந்த இரண்டு பேரைப் பிடிக்க ராகுவுக்கு என்ன அவசரமோ தெரியவில்லை. ஒன்பது மணிக்குப் பஸ் எடுத்தால் எட்டரை ஷிஃப்ட்டுக்கு கேட் மூடியிருக்கும், அரை நாள் சம்பளம் போகும், ஜனங்கள் ஷேர் ஆட்டோவுக்கு மாறினார்கள், திங்கட்கிழமை பிடித்த ஆட்டோவை மற்ற நாளும் விடவில்லை. கடைசியில் அதிகாரிகள் ஆராய்ச்சி செய்து, பொதுமக்களுக்குப் பஸ்ஸில் ஆர்வமில்லை என்று கண்டுபிடித்தார்கள். உன் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. சர்ச்சில் முன் பெஞ்சில் உட்கார்ந்து இதெல்லாம் மூடநம்பிக்கை என்பார், உன் நிச்சயத்துக்கு நாம் கிளம்பிய அந்தத் திங்கட்கிழமை ஏழு மணிக்கே எல்லோரையும் வேனில் ஏற்றியவர் யார் என்று கேட்டுப் பார்.

இப்போது மிஞ்சியிருப்பது ஒரே பஸ். வினிதாவின் கம்பெனி வேன் நம் பக்கம் வருவதில்லை, ஷேர் ஆட்டோ பிடிக்கக் குழந்தையை விட்டுவிட்டு ஓடி, பைபாஸில் லாரிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும், ஏற்கெனவே ஒரு பெண் அங்கே அடிபட்டாள். வேலை போய்விடுமோ என்று வினிதா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸை நிறுத்தும் தீர்மானம் போன வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தது. நானும் கவுன்சிலர்தான், உனக்கு மறந்திருக்கும், உன் அப்பாவுக்கே அடிக்கடி மறக்கிறது. வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் கையெழுத்துப் போட என்னைத் தேர்தலில் நிறுத்தினார், கூட்டத்துக்கு அவர்தான் போவார், மற்ற பெண் கவுன்சிலர்களின் வீட்டுக்காரர்களும் அப்படித்தான். நோட்டீஸில் எப்போதும் பத்தரை என்றுதான் அடிப்பார்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம், அதனால் சேர்மனும் அவர் ஆட்களும் எங்கள் வீட்டுக்காரர்களும் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பன்னிரண்டு அடித்த பிறகுதான் உள்ளே வருவார்கள். அன்றைக்கு நாங்கள் பெண்கள் எல்லோரும் டீக்கடையைத் தாண்டி நேராக உள்ளே போனோம். உன் அப்பா என்னைப் பார்த்துக் கையில் இருந்த வடையைக் கூட வாயில் வைக்கவில்லை. கமிஷனர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆளை எண்ணினார், கோரத்துக்கு வேண்டிய ஆள் இருக்கு, ஆரம்பிக்கலாம் என்றார். துணைத் தலைவர் சுஹைனா தலைமை நாற்காலியில் உட்கார்ந்து, ஜும்மா தொழுகை நாள் அக்கா, பன்னெண்டுக்குள்ள முடிச்சிடலாம் என்றாள். கவுன்சிலர் ரங்கம்மா எழுந்து, பஸ்ஸ நிறுத்தறவங்க மொதல்ல அவங்க ஊட்டுக் கார நிறுத்தட்டும் என்றாள். பஸ் தொடர்ந்து ஓடும், பிரேக் மாற்ற வேண்டும், எந்தக் கிழமையும் ஏழே முக்காலுக்குக் கிளம்பும் என்று தீர்மானம் போட்டோம்.

பன்னிரண்டுக்கு கிருஷ்ணப்பன் புதுச் சந்தனப் பொட்டோடு வந்தார். நாங்கள் அவர்களுக்கு வைத்திருந்த மிக்சரைத் தின்றுகொண்டிருந்தோம். கூட்டம் எப்போ என்றார், ஆயிடுச்சுங்க என்றாள் சுஹைனா. ராகு காலத்துல போட்ட தீர்மானம் செல்லாது என்று குதித்தார், சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை என்று கமிஷனர் பவ்வியமாகச் சொன்னார். கோர்ட்டுக்குப் போவாராம், போகட்டும், நல்ல நேரம் பார்த்து வாசலில் நிற்பதற்குள் கேஸ் முடிந்துவிடும். உன் அப்பா நாலு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. நேற்று திங்கட்கிழமை பஸ் நேரத்துக்குக் கிளம்பியது, பாதிக்கு மேல் சீட் நிறைந்தது, வினிதா ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினாள்.

வெயிலில் தொப்பி போடு, உப்பைக் குறை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே. வினிதாவைக் கம்பெனியில் லைன் லீடராகப் பதவி உயர்த்தப் போகிறார்கள், இனி வீட்டுக்கு வர நேரமாகும், எனக்கும் இனிமேல் கூட்டங்களுக்கு நானே போக வேண்டியிருக்கிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. யாராவது ஒருவர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்துதான் தீர வேண்டும் என்றால், நீ வா.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
யே. அருள்செல்வி, கவுன்சிலர்