தம்பியின் கையில் கட்டிய பட்டை

உங்களை எழுப்பினால் கத்திவிடுவேன். அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

நேற்று உங்கள் தம்பி சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான்: "மூணு மாசமா அண்ணன் டாக்டருக்கு அனுப்புற பிரஷர் மெஷின் போட்டோவெல்லாம் என் கையில கட்டி எடுத்ததுதான் அண்ணி. அண்ணன் கையில கட்டினா மெஷினே பயந்துடுது." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்துத்தான் மருத்துவர் உங்கள் மாத்திரையைப் பாதியாக்கினார். உங்கள் அப்பாவைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளிய வயது உங்களுக்கும் வந்துவிட்டது. அப்பாவழி வந்ததை மாற்ற முடியாது. அழுத்தத்தையும் சிகரெட்டையும் கட்டுக்குள் கொண்டுவந்தால் ஆபத்து பெருமளவு குறையும் என்று மருத்துவர் சொன்னபோது, பள்ளிப்பிள்ளைபோலத் தலையாட்டியது யார்?

நான் மருத்துவமனைக்குப் போகிறேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லப்போகிறேன். பதினோரு மணிக்கு நீங்களும் அங்கே இருக்க வேண்டும். சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. உப்பு குறைவுதான், முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். குழாய் சரிசெய்ய ஆள் வருவார், சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். மயிரிழைத் திருகாணியைக்கூட நடுங்காமல் பிடித்துக் கடிகாரம் பழுதுபார்க்கும் கை உங்களுடையது. அது விழுந்துபோனால் தினமும் உங்கள் சட்டைப் பொத்தானை நானே போட்டுவிடுவேன். ஆனால் ஒரு நாளும் உங்களை மன்னிக்க மாட்டேன்.