டிக்கெலின் வாத்துகளை நான் தூக்கி வந்தது

ஜனவரி 11

கணக்கில் முட்டை. விடைத்தாளை நேரே பக்கத்து வீட்டு டிக்கெலிடம் கொண்டுபோய் நீட்டினேன். "இதையும் உன் கூடையில வச்சு வித்துடு."

டிக்கெல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செரேர்காரி போட்ட முட்டைய யாருடி வாங்குவா? அழுகின மீன் நாத்தம் அடிக்கும். போ, என் அடிமையே, வாத்துக்குத் தவிடு வை."

"நான் உனக்கு அடிமையா? எங்க தாத்தா உங்க தாத்தாவ ஒரு மரக்கால் கம்புக்கு வாங்கினாரு. அதுவும் புழுத்த கம்பு."

அவளுக்கு என் அம்மா வயது. இதையே வேறு ஒரு பெரியவரிடம் சொல்லியிருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். ஆனால் நாங்கள் மீன் பிடிக்கும் செரேர் இனம், அவள் மாடு மேய்க்கும் ஃபூலா இனம். பிறக்கும்போதே கேலி முறை. யார் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது, கோபப்பட்டால் தோற்றுப்போனதாக அர்த்தம். இந்த ஊரில் எங்கள் ஒரு வீடுதான் செரேர். மீதி எல்லாம் ஃபூலா. அப்பா படகோட்ட வந்து இங்கேயே தங்கிவிட்டதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான்: ஊரையே கேலி செய்ய உரிமம்.

ஜனவரி 19

யேரோ டீ குடிக்க வந்தான். சரணாலயத்தில் பறவைக் காவலன். தினமும் காலையில் மரக் கோபுரத்தில் ஏறி, ஏரி நடுவில் இருக்கும் தீவில் கூழைக்கடாக்களை எண்ணுவதுதான் வேலை. அவனும் ஃபூலா, அதனால் அவனும் என் அடிமை.

"தெனிங், உன் சொந்தக்காரங்க இன்னைக்கு நிறைய பேரு எந்திரிக்கவே இல்ல" என்றான். கூழைக்கடாவுக்கு வாய் பெரியது, செரேருக்கும் வாய் பெரியது, ஆகவே சொந்தமாம்.

"நீ எண்ணுறதப் பாத்துப் பாத்துத் தூங்கியிருக்கும்."

சிரித்தான். ஆனால் மூன்றாவது சுற்று டீக்கு இருக்கவில்லை. எங்கள் ஊரில் டீ மூன்று சுற்று, மூன்றாவதில்தான் சர்க்கரை அதிகம். யேரோ அதை விட்டுப் போனதே இல்லை.

ஜனவரி 21

யேரோவைக் கால்வாய்க்கரையில் பார்த்தேன். "என்ன, மாட்டுக்காரா, பாலைக் கொட்டிட்டியா?" என்றேன். குஞ்சுகளும் சாகின்றன என்று மட்டும் சொன்னான்.

ஜனவரி 23

செயிண்ட் லூயியிலிருந்து கால்நடை டாக்டர் வந்தார். பெயர் ங்கோனே. ஐஸ் பெட்டி, கையுறை, பஞ்சுக்குச்சி. செத்த பறவையின் தொண்டையிலும் பின்பக்கத்திலும் குச்சியை விட்டு எடுத்து டாக்கார் ஆய்வகத்துக்கு அனுப்புவாராம். மாதிரி எடுப்பது என்று பெயர்.

"எந்த மாதிரி?" என்று கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜனவரி 28

பறவைக் காய்ச்சல். டாக்காரிலிருந்து முடிவு வந்துவிட்டது.

ஜனவரி 30

செத்ததை எல்லாம் தீவிலிருந்து அள்ளிவர வேண்டும். இல்லையென்றால் பருந்தும் கடற்புறாவும் தின்று இன்னும் தூரம் கொண்டுபோகும். அதற்கு அப்பாவின் படகைப் பிடித்திருக்கிறார்கள். அப்பாவுக்கும் யேரோவுக்கும் வெள்ளை உடுப்பு, முகமூடி, முழங்கால் வரை பூட்ஸ். அப்பா அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது தவிட்டு மூட்டை எழுந்து நடப்பது போல இருந்தது. சொன்னேன். அம்மாகூடச் சிரித்தாள்.

மாலையில் துறையில் மருந்துத் தண்ணீர் அடித்துப் படகையும் பூட்ஸையும் கழுவுகிறார்கள். உடுப்பை அங்கேயே எரிக்கிறார்கள். அப்பா சோறு வேண்டாம் என்றார். செத்தவை பெரும்பாலும் இன்னும் பறக்கத் தெரியாத கறுப்புக் குஞ்சுகளாம். சாவதற்கு முன் தலை பின்னால் வளைந்துவிடுமாம், மேகத்தைப் பார்ப்பதுபோல.

நான் கேலி செய்யாமல் அவர் தட்டை மூடி வைத்தேன்.

ஜனவரி 31

புளியமரத்தடியில் கூட்டம். டாக்டர் சொன்னார்: கோழி, வாத்து எதையும் வெளியே விடாதீர்கள், முக்கியமாக ஏரிக்குப் போகும் கால்வாய்க்கு. ஊரில் ஒன்றுக்கு வந்தால் போதும், எல்லார் வீட்டுப் பறவைகளையும் கொல்ல வேண்டியிருக்கும்.

டிக்கெல் பின்னாலிருந்து கத்தினாள். "கால்வாய்க்குப் போகாத வாத்து, பள்ளிவாசலுக்குப் போகாத இமாம் மாதிரி. வீட்டுல உக்காந்து என்ன பண்ணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். இமாமும் சிரித்தார். கூட்டம் முடிந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிக்கெலின் புருஷன் மொரித்தானியா போனவன் போனவன்தான். கோழிகள் போன மழையில் போயின. மிச்சம் இந்த வாத்துகள்தான். கூட்டுச்சாலையில் முட்டை விற்றுத்தான் அவள் அடுப்பு எரிகிறது. அவள் வாத்துகள்தான் தினமும் தீவுப் பக்கமாக ரொம்ப தூரம் நீந்திப் போகின்றன.

பிப்ரவரி 1

யேரோவிடம் சொன்னேன். "நீ போய்ச் சொல்லு" என்றான். "நாங்க சொன்னா அதிகாரம் பண்றோம்னு சொல்லுவா. உன்கிட்ட அவ கோபப்பட முடியாது."

போனேன். வாத்தை அடைச்சு வை, செத்துப் போயிடும், விளையாட்டுக்குச் சொல்லல என்றேன். டிக்கெல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போன மாசம் மேயர் என் ஆட்டப் பொண்ணு கேக்குறாருன்னு சொன்ன. இப்ப வாத்துக்கு வைத்தியமா?"

உண்மையைச் சொல்ல நான் எந்த முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்? கண்ணாடியில் பார்த்தேன். எல்லா முகமும் பொய் சொல்கிற முகமாகவே இருக்கிறது.

பிப்ரவரி 3

முடித்துவிட்டேன்! என் வாழ்நாளில் இதைவிடப் பெரிய வேலை செய்ததில்லை.

கேலி முறையில் ஒரு சட்டம் உண்டு. உன் வீட்டுப் பொருளை நான் தூக்கிப் போனால் நீ திருப்பிக் கேட்கக் கூடாது. பெரும்பாலும் செருப்பு, தொப்பி, ஒரு கிண்ணம் சர்க்கரை, இப்படித்தான். வாத்து தூக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

டிக்கெல் கூட்டுச்சாலைக்குப் போன நேரம் பார்த்து, கழுதை வண்டியில் அப்பாவின் மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு போனேன். பதினொரு வாத்து. ஒன்று கையைக் கொத்தியது, ஒன்று என் சட்டையில் தன் கருத்தைத் தெரிவித்தது. பக்கத்து வீடுதான் என்றாலும், எல்லாரும் பார்க்கட்டும் என்று ஊரைச் சுற்றி ஓட்டிவந்தேன். "வாத்தும்மா! எங்கடி போறீங்க?" என்று கேட்டார்கள். "பள்ளிக்கூடம் போறாங்க, வாத்தியாரப் பாக்க!" என்றேன். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார்கள்.

எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அப்பாவின் வலைக் கொட்டகையில் அடைத்தேன். சுவர் உண்டு, கூரை உண்டு, கால்வாய் இல்லை. இனி எந்தக் கூழைக்கடாவும் இவற்றின் பக்கம் வர முடியாது.

பிப்ரவரி 4

டிக்கெல் வாசலில் வந்து நின்றாள். பின்னால் பாதி ஊர்.

"திருட்டுச் செரேரே! பெருவயித்துக்காரியே! என் வாத்து எங்கடி?"

"எது உன் வாத்து? அடிமைக்கு ஏது சொத்து?"

ஊரே கைதட்டியது. டிக்கெலுக்கு உதடு துடித்தது. கோபமும் சிரிப்பும் அங்கே சண்டை போட்டதைப் பார்த்தேன். சிரிப்புதான் ஜெயித்தது. ஜெயித்தே ஆகவேண்டும், அதுதானே முறை. அவள் மெதுவான குரலில், "நிஜமாவே செத்துப் போயிடுமாடி?" என்றாள்.

"நிஜமா."

"சரி. காய்ச்சல் போற வரைக்கும் வச்சுக்க. ஒண்ணு இளைச்சாலும் உன்ன அறுத்து வாத்துக்குப் போடுவேன்."

சாயங்காலம் தவிடு கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீருக்கு ஏனம் இல்லை. கொட்டகைக் கதவில் அப்பாவின் பாதியாக வெட்டிய சுரைக்குடுவை தொங்கியது, அதில் ஊற்றி வைத்தேன். எல்லாம் வரிசையாக வந்து குடித்தன. காலையில் அப்பா எடுத்துக்கொண்டு போவார், மாலையில் வந்ததும் நான் மறுபடி ஊற்றுவேன்.

பிப்ரவரி 7

கோபுரத்தில் ஏறிப் பார்க்கிறாயா என்று யேரோ கேட்டான். ஏன் கேட்டான் என்று தெரியவில்லை. தனியாகப் பார்க்க முடியாமல் இருந்திருக்கலாம்.

தொலைநோக்கியில் பார்த்தேன். தீவு நிறையக் கறுப்புத் துணி காயப்போட்டதுபோல இருந்தது. எல்லாம் குஞ்சுகள். பெரிய பறவைகள் கடலிலிருந்து மீன் கொண்டு வருகின்றன. வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. எந்தக் குஞ்சும் வந்து தலையை விட்டுத் தின்பதில்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டு, வாயை மூடிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்துகொள்கின்றன.

"இத எதுக்கு எண்ணுற?" என்றேன். "எண்ணி என்ன ஆகப்போகுது?"

"எண்ணலேன்னா இவ்வளவு இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சா?"

யேரோ கையில் இருக்கும் எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தான்.

பரவாயில்லை, பதினொரு வாத்தாவது. அப்படி நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

பிப்ரவரி 9

ஒரு வாத்து தின்னவில்லை. வெயில் என்றாள் அம்மா.

பிப்ரவரி 10

அது தலையைப் பின்னால் வளைத்துக் கூரையைப் பார்க்கிறது.

இல்லை. கழுத்து சுளுக்கியிருக்கும். கூடையில் வரும்போது நசுங்கியிருக்கும். வாத்துக்குச் சுளுக்கு வருமா? ஏன் வராது, மனுசனுக்கு வருதுல்ல?

இரண்டாவதும் வளைக்கிறது.

பிப்ரவரி 11

டாக்டர் ங்கோனே வெள்ளை உடுப்போடு கொட்டகைக்குள் போனார். நான் வெளியே. அப்பாவும் டிக்கெலும் வெளியே. ஆறு செத்துக் கிடந்தன.

டாக்டர் கதவருகே வந்து நின்றார். "இதுங்க வெளிய போகலயா?"

"போகல."

"பறவை எதுவும் உள்ள வரலயா?"

"வரல."

"தண்ணி எதுல குடிச்சுது?"

குடுவையைக் காட்டினேன். டாக்டர் அதைக் கையில் எடுக்கவில்லை. அப்படியே குனிந்து பார்த்தார். "இது எதுக்கு வச்சிருக்கிறது?"

அப்பாதான் சொன்னார். படகில் சேரும் தண்ணீரை இறைக்க. இறைக்கும் குடுவையை ராத்திரி படகில் விட்டுவந்தால் படகு மூழ்கும் என்பது எங்கள் குடும்பத்து நம்பிக்கை. தாத்தா காலத்திலிருந்து படகு எங்கே இருந்தாலும் குடுவை வீட்டுக்கு வரும். துறையில் படகுக்கு மருந்து அடித்தார்கள், பூட்ஸுக்கு அடித்தார்கள், துடுப்புக்குக்கூட அடித்தார்கள். அப்பா கக்கத்தில் குடுவையை இடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். கைக்குழந்தைபோல.

கூழைக்கடாக்களை ஏற்றிய படகின் அடித்தண்ணீர். ஒவ்வொரு மாலையும் அதிலே நான் —

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டிக்கெல் திரும்பி நடந்தாள்.

பிப்ரவரி 13

டாக்காரிலிருந்து முடிவு வந்தது. அதே காய்ச்சல்.

பிப்ரவரி 14

ஊர் முழுக்க. வீடு வீடாக. கோழி, வாத்து எல்லாவற்றையும் கொன்று சாக்கில் போட்டார்கள். கால்வாயில் நீந்திக்கொண்டிருந்த மற்றவர்களின் வாத்துகளையும் பிள்ளைகள் கைதட்டிக் கரைக்கு வரவைத்தார்கள். அவை நன்றாக இருந்தன. கொழுகொழுவென்று, வாலை ஆட்டிக்கொண்டு வந்தன.

ஒன்றுகூட நோய்ப்படவில்லை. தினமும் கால்வாய்க்குப் போனவை.

பிப்ரவரி 15

பள்ளிக்கூடம் போகவில்லை.

பிப்ரவரி 18

யேரோ வந்தான். "கால்வாய்ல விட்டிருந்தாலும் வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?" என்றான்.

"எனக்குத் தெரியும்."

"டாக்டரும் அப்படித்தான் சொன்னாங்க. உறுதியாச் சொல்ல முடியாதுன்னு."

"டாக்டரு நல்லவங்க."

டீ போட்டேன். மூன்று சுற்றும் இருந்தான். ஒருவரையொருவர் எதுவும் திட்டிக்கொள்ளவில்லை. டீக்கு ருசியே இல்லை.

பிப்ரவரி 22

டிக்கெல் வீட்டு வாசலில் போய் நின்றேன். திட்டு என்றேன். கல்லை எடுத்து எறி. ஊர் பார்க்கத் திட்டு.

அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "கேலி முறைக்காரி கிட்ட கோபப்படக் கூடாதும்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், கொஞ்சம்கூட இல்லை.

'அம்மா' என்றாள். அடி இல்லை, டி இல்லை.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மேயர், ஆடு, ஏதாவது. எனக்குத்தான் வாய் பெரியதாயிற்றே.

மார்ச் 5

அப்பா புதுக் குடுவை செய்யவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பாதியாக வெட்டிப் படகிலேயே போட்டுவிட்டார். ராத்திரியும் அங்கேயே கிடக்கிறது. படகு மூழ்கவில்லை.

மார்ச் 12

தீவில் சாவு நின்றுவிட்டது என்று யேரோ சொன்னான். "நல்ல செய்திதானே?" என்றேன். சாவதற்குக் குஞ்சு இல்லை என்றான். பெரியவையும் கிளம்பிவிட்டன. மொரித்தானியா பக்கம் போயிருக்கலாம், மாலிக்கும் போகலாம். காய்ச்சலையும் சுமந்துகொண்டு போகின்றனவா என்று அங்கே ஒருவன் கோபுரத்தில் ஏறிப் பார்க்க வேண்டும்.

யேரோ இன்னும் தினமும் ஏறுகிறான். பூஜ்ஜியம் என்று எழுதுகிறான்.

மார்ச் 20

கணக்கில் பதினான்கு மதிப்பெண். இருபதுக்கு. யாரிடமும் காட்டவில்லை.

மார்ச் 29

கூட்டுச்சாலைக்குப் போனேன். அம்மா சர்க்கரை வாங்கச் சொன்னாள். டிக்கெல் அங்கே இருந்தாள். இப்போது வறுத்த வேர்க்கடலை விற்கிறாள். வேறு யாருடைய கடலையோ, கூலிக்கு. திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

ஒரு பொட்டலம் வாங்கினேன். அளவு சரியாகப் போட்டாள். குறைக்கவும் இல்லை, என் பெருவயிற்றுக்கென்று ஒரு பிடி கூடுதலாகத் தள்ளவும் இல்லை.

பிறகு வெளியூர்க்காரர்களை விசாரிப்பதுபோல, கையை நெஞ்சில் வைத்து, வரிசையாக விசாரித்தாள். அப்பா நலமா. அம்மா நலமா. தம்பிகள் நலமா. படிப்பு நலமா. வெயில் எப்படி. வீட்டில் அமைதிதானே. ஒன்றையும் விடவில்லை.

நானும் கையை நெஞ்சில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் முறைப்படியான பதிலைச் சொன்னேன்.

அமைதி மட்டும்தான். அமைதி மட்டும்தான்.