இழுக்க ஓர் இடம்

மார்ச் 4
எங்கள் கொலராடோ மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி செல்லும். கடைக்காரன் ரசீது கொடுத்து, நல்லா இருங்க என்று வாழ்த்தியும் அனுப்பினான். சரி, முழங்கால் வலிக்கென்று வாங்கியாயிற்று. எங்கே இழுப்பது? தெருவில் கூடாது, பூங்காவில் கூடாது, காரில் கூடவே கூடாது. என் குடியிருப்போ மத்திய அரசின் உதவியில் ஓடுவது. மத்திய அரசுக்கு இது இன்னும் குற்றம். கையில் வைத்திருந்தாலே வீடு போய்விடும். எழுபத்தொரு வயதில் இந்த முழங்காலோடு எங்கே போவேன்?

மார்ச் 6
வலி. தூக்கமில்லை. எந்த மடையன் எழுதிய சட்டம் இது?

மார்ச் 9
சொந்த வீட்டுக்காரர் ஒருவர் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே ஆள் ஆர்லோ. சர்ச்சில் எனக்குப் பின்வரிசையில் சுருதியில்லாமல் பாடுபவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரே தொல்லை, ஓய்வுபெற்ற போலீஸ்காரர். கஞ்சாக்காரர்களைப் பிடித்தே தொப்பை வளர்த்தவர். கேட்டே விட்டேன்.

"என் வீட்லயா? நீங்களா ஜூனெட்?"

"சட்டப்படிதானே கேக்கறேன்?"

வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "வாசல்ல வேண்டாம், தெருவுக்குத் தெரியும். பின்னால பைன் மரத்தடியில நாற்காலி போடறேன். கஞ்சா டப்பாவும் இங்கயே இருக்கட்டும், உங்க வீட்ல வேண்டாம்."

ஏப்ரல் 2
முழங்கால் மடங்குகிறது! ஆர்லோ தள்ளி உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டே காபி குடிக்கிறார். நாற்றம் தாங்கவில்லையாம். சர்ச்சில் அவர் பாடுவதற்கு இந்த நாற்றம் எவ்வளவோ மேல்.

மே 11
போச்சு. எல்லாம் போச்சு. வனக்காவலன் ஒருத்தன் வந்து நின்றான். அந்த மரத்தடி ஆர்லோவுடையதே இல்லையாம் — காடு. மத்திய அரசுக் காடு! எல்லைக்கல் புதருக்குள் கிடக்கிறது, இந்த மனுஷன் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. என் பேரில் வழக்கு எழுதிவிட்டுப் போனான். என்னை அங்கே உட்கார வைத்தது யாரு? போலீஸ்காரரு!

மே 20
குடியிருப்பு மேலாளர் ட்ரிஷ் வந்தாள். "வழக்கு பதிவாயிடுச்சு மேடம். என் கையில எதுவுமில்ல. மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க." நான் அழுதேன். அவளும் அழுதாள். அவளுக்கென்ன, வீடு இருக்கிறது.

மே 22
ஆர்லோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "தப்பு என்னோடது. என் வீட்டு மாடி ரூம் காலியாத்தான்—"

"மாடியா? இந்த முழங்காலுக்கா? யோவ், யோசிச்சுத்தான் பேசறியா?"

"அப்ப நான் மாடிக்குப் போறேன். நீ கீழ இரு."

நீ என்றார். முதல் தடவை. கதவைச் சாத்திவிட்டேன். பரிதாபப்பட்டு யாரும் எனக்கு இடம் தரவேண்டாம்.

மே 30
பெட்டி கட்டினேன், ஆர்லோ வீட்டுக்கு. பரிதாபமோ என்னவோ, கீழறை கீழறைதான்.

ஜூலை 8
ஆர்லோ எல்லைக்கல்லிலிருந்து கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டிருக்கிறார். இரண்டு நாற்காலி. இன்று அதே வனக்காவலன் வந்து கயிற்றையும் எங்களையும் மாறி மாறி முறைத்தான். ஆர்லோவின் கால் மட்டும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீண்டு கிடந்தது.

"யோவ், காலை உள்ள இழு. மத்திய அரசு பிடிச்சிட்டுப் போயிடும்."

இழுத்துக்கொண்டார். நாற்காலியையும் சேர்த்து, என் பக்கமாக. மூக்கைப் பொத்தவில்லை.