ஆளில்லாத கரை

மார்ச் 6

என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிப்பீர்கள். போனில் நீங்கள் "ம்" போடுவீர்கள், நான் "சரி" என்பேன், அதோடு முடிந்துவிடும். காகிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப உங்களுக்கே கூச்சமாக இருக்கும் அல்லவா?

அறை மாடியில். கீழே படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை. ஒரு கட்டில், ஆடுகிற மேஜை, ஜன்னல் இல்லாத குளியலறை. குளியலறையைப் பார்த்ததுமே சரி என்று சொல்லிவிட்டேன். கதவிடுக்கில் துணியைச் செருகினால் இருட்டறை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எக்ஸ்ரே ஃபிலிமைக் கையாலேயே கழுவியவள் நான். கை இன்னும் மறக்கவில்லை.

கரையில் ஆளே கிடையாது. பாறை, மணல், கடலில் கலக்கிற ஒரு சின்ன ஓடை, பிறகு மறுபடி மணல். வீட்டுக்கார அம்மா கேட்டார்: "கல்யாணம், பிறந்தநாள் எல்லாம் எடுக்க மாட்டீங்களாம்மா? ஒருத்தரும் இல்லாத இடத்தைப் போய் எடுக்கறீங்களே."

"கண்ணை மூடிட்டாங்கன்னு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்கல்ல" என்றேன். சிரித்தார், ஆனால் நம்பவில்லை.

இங்கேயும் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. முக்காலியை வைப்பேன், வெளிச்சம் பார்ப்பேன், அதற்குள் அந்தப் பக்கம் இன்னும் நன்றாக இருக்குமோ என்று தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பாதி நாள் நடையிலேயே போகிறது. பத்து நாளில் வருகிறேன் என்றேன். பார்க்கலாம்.

உங்கள்,
பம்பரம்


மார்ச் 11

அன்புள்ள பம்பரத்துக்கு,

கடிதம் கிடைத்தது. "ம்" என்று மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அக்கா வந்திருந்தாள். "எங்கடா அவ?" என்றாள். கடலைப் போட்டோ எடுக்கப் போயிருக்கிறாள் என்றேன். "கடல் எங்க ஓடிப் போகப் போகுது? உடம்பு இப்பத்தான் தேறியிருக்கு, அதுக்குள்ள என்ன ஊர் சுத்தல்? நீயாவது சொல்லக் கூடாதா?" என்று எனக்குத்தான் திட்டு. உனக்கு உடம்புக்கு ஒன்றும் வரவே இல்லை, தேறுவதற்கு என்ன இருக்கிறது என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

எனக்கும் ஒன்று புரியவில்லை. மார்பில் கட்டி என்றார்கள், பயந்தோம். வாரக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அன்றைக்கு நான் வார்டு பாய்க்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். நீ என்னடாவென்றால் வீட்டுக்கு வந்ததும் அலமாரியை இழுத்துப் போட்டாய், கட்டிலைத் திருப்பினாய், பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. நானே சமைத்துக்கொள்கிறேன். நன்றாகவே வருகிறது.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


மார்ச் 19

என்னங்க,

விடுப்பை நீட்டித்துவிட்டேன். கோபப்படாதீர்கள்.

மூன்று ரோல் கழுவியாயிற்று. முதல் ரோலில் பாதிக்கு மேல் தண்டம். ஈர மணலின் பளபளப்பை நம்பி வெளிச்சத்தை அளந்தேன், பாறை எல்லாம் கரியாகிவிட்டது. இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. ஆனால் ஃபிலிமைத் தொட்டியில் போட்டதிலிருந்து வெளியே எடுக்கும்வரை அந்தச் சின்னக் குளியலறைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். மருத்துவமனையில் எத்தனை பேர் படத்தை எடுத்திருக்கிறேன், இந்தப் பதற்றம் வந்ததில்லை.

நீங்கள் நன்றாகச் சமைப்பீர்கள் என்று தெரியும். அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

பம்பரம்


மார்ச் 29

அன்புள்ள பம்பரத்துக்கு,

வேலை அதிகம். துணிக்கடையில் புது லிஃப்ட் அடிக்கடி நடுவில் நிற்கிறது. மேலே ஏறி, கீழே இறங்கி, ஒரு நாள் முழுக்க ஒரே கட்டடத்தில். வீட்டுக்கு வந்தாலும் உட்கார முடிவதில்லை. டிவியைப் போடுகிறேன், அணைக்கிறேன். உன் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது.

சமையலைப் பற்றி எழுதியதில் என்ன தப்பு என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

நீ நன்றாக இருக்கிறாய். அது போதும். நிதானமாக வா.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 3

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? போன கடிதத்தைப் படித்தபோது அந்த வரி சாதாரணமாகத்தான் பட்டது. நேற்று ஒரு ரோலைக் கழுவி, காயவைத்து, ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை எடுத்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், மணல்மேட்டின் மேல், ஒரு வெள்ளைப் புள்ளி. நெகட்டிவில் வெள்ளை என்றால் உண்மையில் கறுப்புச் சட்டை, இல்லை கருநீலம். லென்ஸை வைத்துப் பார்த்தேன். வலது தோள் இறங்கி, கழுத்து இடது பக்கம் சாய்ந்து ஓர் ஆள். கருவிப் பையை வருஷக்கணக்காகச் சுமந்த தோள். எலும்பு பார்த்தே பிழைத்தவளுக்கு அது யார் தோள் என்று தெரியாதா?

இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கூப்பிடாமல் ஏன் திரும்பிப் போனீர்கள்?

சரி, நானும் சொல்லிவிடுகிறேன். முடிவுக்குக் காத்திருந்த அந்த நாட்களில் நீங்கள் உங்கள் அக்காவிடம் போய்ச் சமையல் கற்றுக்கொண்டீர்கள். சிலிண்டர் புத்தகம் எங்கே, சலவைக்குப் போட்ட துணிக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். நான் பக்கத்து அறையில் படுத்திருந்தேன். நீங்கள் கடுகு தாளிக்கிற சத்தம் கேட்கும். முதல் நாள் தீய்ந்தது. பிறகு தீயவில்லை. நான் இல்லாத வீட்டுக்கு நீங்கள் பழகிக்கொண்டிருந்தீர்கள். ஒருநாள்கூட பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

பிறகு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ, வழியனுப்பிய பிறகு ரயில் போகாததால் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் மாதிரி இருந்தது. எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. அதனால்தான் அலமாரியை இழுத்தேன், கட்டிலைத் திருப்பினேன். இங்கே எனக்காக யாரும் எதற்கும் தயாராவதில்லை. அலை பாட்டுக்கு வருகிறது.

பதில் எழுதுங்கள். போன் வேண்டாம்.


ஏப்ரல் 8

அன்புள்ள உனக்கு,

நான்தான். துணிக்கடையில் வேலை பாதியில் இருந்தது. பையைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, போட்டிருந்த யூனிஃபார்மோடு பஸ் ஏறிவிட்டேன். "போதும், கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்ல வேண்டும். அதட்டலாகச் சொல்வதா, கெஞ்சிச் சொல்வதா என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பட்டறைக்காரர், "மாடி அக்காவா? அப்படியே கரையோரமாப் போனாங்க" என்று கை காட்டினார்.

நீ ஈர மணலில் குப்புறப் படுத்திருந்தாய். முழங்கைவரை மணல். ஓர் அலை வந்து உன்னை நனைத்தது. கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நீ சிரித்தாய். பக்கத்தில் யாரும் இல்லை, நீயாகச் சிரித்தாய். மணல்மேட்டில் ஏறும்வரை உன்னிடம் வந்துவிடத்தான் நினைத்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை. என்னைப் பார்த்தால் எழுந்து மணலைத் தட்டிவிட்டு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாய். அந்தச் சிரிப்பு அதோடு போய்விடும். திரும்பிவிட்டேன்.

சமையல் விஷயம். நீ படுக்கையில் விழுந்தால் உனக்கு யார் ஆக்கிப் போடுவது என்றுதான் ஆரம்பித்தேன். இது சத்தியம். ஆனால் நீ எழுதியதும் பொய்யில்லை. ஒருநாள் அடுப்பின் முன்னால் நிற்கும்போது, இந்த வீட்டில் நான் மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துவிட்டேன். நினைத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு பால்கனியில் போய் நின்றேன். அந்த முகத்தோடு உன் பக்கத்தில் எப்படி வந்து உட்காருவது? ஆளுக்குள்ளே இருப்பதைப் பார்ப்பதே உன் தொழில்.

லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களிடம் முதலில் என்ன சொல்வோம் தெரியுமா? "நான் இங்கேதான் இருக்கேன், பயப்படாதீங்க." கதவை எப்படித் திறப்பது என்பது அதற்குப் பிறகுதான். முகம் தெரியாதவர்களிடம் தினமும் சொல்கிறேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

நான் வரட்டுமா? வேண்டாம் என்றால் அதையும் எழுது.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 12

என்னங்க,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கரையின் அந்தக் கோடிவரை நடந்தேன். கேமராவை எடுத்துப் போகவில்லை.

வாருங்கள். ஆனால் உங்களோடு கிளம்பி வந்துவிடுவேன் என்று இப்போது சொல்ல முடியாது. வேலைக்கு எப்போது திரும்புவீர்கள் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். உங்கள் மேல் கோபம் இல்லை. நேற்றுவரை இருந்தது. ஆனாலும் கால் இன்னும் நிற்கமாட்டேன் என்கிறது. நீங்கள் வந்தால் சேர்ந்து நடக்கலாம், நடந்துகொண்டே நீங்கள் பேச வேண்டும். "ம்" செல்லாது.

கட்டில் ஒன்றுதான், ஒடுக்கமானது. தலையணை கொண்டு வாருங்கள். முடிந்தால் கறுப்பு வெள்ளை ஃபிலிம் நாலு ரோல். சமைத்து எதுவும் எடுத்து வர வேண்டாம். இங்கே வந்து சமையுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அந்த நெகட்டிவைப் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். கரை நன்றாக வந்திருக்கிறது. நீங்கள் மட்டும் கலங்கித் தெரிகிறீர்கள். ஷட்டர் விழுந்த நேரத்தில் திரும்பத் தொடங்கியிருப்பீர்கள்.

சனிக்கிழமை நான் ஓடைக்கு இந்தப் பக்கம் இருப்பேன். இங்கே காற்று அதிகம், மணல்மேட்டிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாது. கிட்ட வந்து கூப்பிடுங்கள்.

உங்கள்,
பம்பரம்