எனக்கு விழுந்த சீட்டில் வி.ஏ.ஓ.

ஜூலை 11, வெள்ளி

காலையிலிருந்து காற்று. துவைத்துப் போட்டதெல்லாம் புழுதி. இவருக்கு ராத்திரி முழுக்க இருமல். கஞ்சி பாதி டம்ளர்தான் இறங்கியது. மருந்து தீரப் போகிறது, அருப்புக்கோட்டை போகணும். இன்றைக்குத் தெம்பில்லை.

மத்தியானம் கோயிலில் பெண்கள் ஜெபக் கூட்டம். புதிதாக வந்த பாஸ்டர் ஒரு ஏற்பாடு சொன்னார். கல்லறைத் தோட்டத்துப் பாதை விஷயம் தீருகிற வரைக்கும் ஆளுக்கொரு அதிகாரிக்காகத் தினமும் ஜெபிக்கணுமாம். கலெக்டர், தாசில்தார், ஆர்.ஐ., வி.ஏ.ஓ., பிரசிடெண்ட், இன்ஸ்பெக்டர். எல்லாம் சீட்டில் எழுதி, காணிக்கைப் பைக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தோம். மு.ரா.வுக்கும் ஒரு சீட்டு! பாதையில் முள்கம்பி போட்டு அடைத்ததே அவர்தான். (முழுப் பெயர் எழுதவில்லை. இந்த நோட்டு யார் கையில் சிக்குமோ.) அடைத்தவருக்கும் ஆசீர்வாதமா? பாஸ்டருக்கும் அவருக்கும் என்ன பழக்கம் என்று விசாரிக்கணும்.

கிரேஸுக்குக் கலெக்டர் விழுந்தார். தானே கலெக்டரான மாதிரி ஒரு சிரிப்பு. சங்கத்துச் செக்ரட்டரி அவள், பையைக் குலுக்கியதும் அவள்.

எனக்கு வி.ஏ.ஓ. சுகன்யா என்று ஒரு சின்னப் பெண், நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள். அந்த ஸ்கூட்டியை மு.ரா. வீட்டு வாசலில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அவளுக்காக நான் முழங்கால் போடணும். நல்ல கூத்து.

முடிவில் பாஸ்டர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிக்க, நாங்கள் ஆமென். வி.ஏ.ஓ. பெயர் வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் இவர், "ஒருத்தருக்கு மட்டும் ஒன் ஆமெனக் காணோமே?" என்கிறார். நான் உட்காருவது மைக்குக்குப் பக்கத்தில். இவர் படுத்த பிறகு வெள்ளிக்கிழமையும் வெளிக் குழாய் ஸ்பீக்கரைப் போடுங்கள் என்று கோயிலில் நான்தான் கேட்டேன், படுத்தபடி கேட்கட்டும் என்று. உடம்பு போனாலும் காது போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வாங்க வேண்டியது: இருமல் மருந்து, ரப்பர் ஷீட், பார்லி, ரெண்டு மெழுகுவர்த்தி.

ஆராதனை முடிந்ததும் வாசலில் சண்டை. வாலிபர்கள் கம்பியை வெட்டணும் என்கிறார்கள். கமிட்டிக்காரர்கள் கேஸ் போடணும் என்கிறார்கள். பாஸ்டர், ஆர்.டி.ஓ. விசாரணை வரட்டும், அதுவரை ஜெபிப்போம் என்கிறார். மு.ரா. சொல்வதென்ன? அது பட்டா நிலம், போர் போட்டிருக்கிறேன், மோட்டாரை எவனாவது கழற்றிப் போனால் யார் பொறுப்பு. இத்தனை காலம் நடந்த பாதையில் இப்போதுதான் திருடன் வருகிறானாம்.

போன மாதம் ஆரோன் அண்ணன் சவப்பெட்டியைக் கண்மாயைச் சுற்றி, சீமைக்கருவேல முள்ளுக்குள்தான் தூக்கிப் போனார்கள். தூக்கினவர்கள் காலெல்லாம் ரத்தம். ஓர் இடத்தில் பெட்டி சாய்ந்தே விட்டது. அன்றைக்கு ராத்திரி இவர் சொன்னது: "என்னைய அந்த முள்ளுக்குள்ள கொண்டு போயிராதீக." விளையாட்டு மாதிரி சொன்னார். டாக்டர் சொன்னது இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருக்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

அருப்புக்கோட்டை. மருந்து வாங்கியாச்சு. ரப்பர் ஷீட் அநியாய விலை. மெழுகுவர்த்தி மறந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு ஆண்கள். முகம் பார்க்கவில்லை.

"பாத விசயம் முடிஞ்ச மாதிரிதான்."

"யாரு பக்கம்?"

"அதான் அந்தப் புள்ள அவுக வீட்டுக்கே போயிட்டு வருதே."

இறங்கி நடக்கிறேன், எதிரே ஸ்கூட்டி. சுகன்யாவேதான். கால் வைக்கிற இடத்தில் ஒரு சாக்கு மூட்டை. மு.ரா. வீட்டுத் தெருவிலிருந்து வருகிறாள். என்னைப் பார்த்து வணக்கம் வேறு வைத்தாள். திருச்சுழி ஆபீசில் இருக்க வேண்டிய நேரம் அது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சீட்டு பைபிளுக்குள் கிடக்கிறது. இன்னும் ஒரு நாள்கூட ஜெபிக்கவில்லை. எப்படி ஜெபிப்பது, என்ன கேட்பது?

ஜூலை 18, வெள்ளி

இன்றைக்கு ஜெபித்து விட்டேன்.

பாஸ்டர் வெளியூர். கிரேஸ்தான் நடத்தினாள். அவரவர் சீட்டுக்கு அவரவர் சத்தமாக ஜெபிக்கணும் என்று மைக்கை நீட்டினாள். அவள் கலெக்டருக்கு ஞானம், சுகம், நீடித்த ஆயுள் எல்லாம் கேட்டாள். என் முறை வந்தது. மனசில் கிடந்ததெல்லாம் வந்துவிட்டது. "கர்த்தாவே, எங்கள் வி.ஏ.ஓ. சகோதரியை லஞ்சத்துக்கு விலக்கிக் காரும். பாதையை அடைத்தவர் வீட்டு வாசலுக்கு விலக்கிக் காரும். ஸ்கூட்டியில் ஏறுகிற மூட்டைக்கு விலக்கிக் காரும்."

ஆமென் என்றார்கள் பாருங்கள், ஓடு அதிர்ந்தது.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. டீக்கடையில் அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். வெளிக் குழாய். போடச் சொன்னதே நான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சாப்பிட மாட்டேன் என்றார். அப்புறம் ஒன்றே ஒன்று சொன்னார்: "அது செபமாடி? கோள் மூட்டுறதுக்கு ஆமென் ஒரு கேடா."

நான் பொய் சொல்லவில்லையே. காப்பாற்றும் என்றுதானே கேட்டேன்?

ஜூலை 19, சனி

ஊர் முழுக்க இதே பேச்சு. கோயில்காரர்களுக்கே தெரிந்திருக்கிறதாம், மு.ரா. அந்தப் பெண்ணுக்கு மூட்டை மூட்டையாகக் கொடுத்தாராம். ஒரு மூட்டை ராத்திரிக்குள் பெருகி விட்டது. கிரேஸ் வந்து, "நல்லாக் கேட்டீக அக்கா" என்றாள். இவள் என் நல்லதுக்குத்தான் சொல்கிறாளா?

சாயங்காலம் ஸ்கூட்டிச் சத்தம். சுகன்யா. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நேராக இவர் கட்டிலுக்குப் போய், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

மு.ரா. வீட்டுக்கு அவள் நடந்தது அவரைச் சம்மதிக்க வைக்கத்தானாம். பெட்டி போகிற அகலத்துக்கு ஓரமாகப் பாதை விடுகிறேன் என்று மனுஷன் இறங்கி வந்திருக்கிறார். திங்கட்கிழமை எழுதிக் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. இப்போது மாட்டேன் என்கிறாராம். கையெழுத்துப் போட்டால், முழுப் பாதையையும் விடாமல் தப்பிக்கக் காசு கொடுத்துச் சரிக்கட்டினான் என்றுதானே ஆகும் என்கிறாராம். மூட்டையில் இருந்தது குழம்புக்கு அரைக்கிற மல்லி. அவள் அம்மாவுக்காக விலை கொடுத்து வாங்கியது. ஆபீசிலிருந்து அதற்குள் போனில் இவளிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

இத்தனையும் குரல் உயர்த்தாமல் சொன்னாள். போகும்போது வாசலில் நின்று, "எனக்காக செபம் பண்ணுங்கம்மா, வேணாம்னு சொல்லல. மைக்க அமத்திட்டுப் பண்ணுங்க" என்றாள்.

மல்லி என்று அவள்தான் சொல்கிறாள். யார் பார்த்தது? ஆனால் நானும் பார்க்கவில்லை. வீட்டில் சோறு வடிக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

இவருக்குக் கால் வீக்கம். மூச்சு வாங்குகிறது. பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மு.ரா. வீட்டுக்குப் போனேன். அவர் பிள்ளைகள் என் பால்வாடியில் இருந்தவர்கள்தான், அவர்கள் மூக்கைத் துடைத்து விட்டவள் நான். அந்த உரிமையில்தான் போனேன்.

அவர் சம்சாரம் மோர் கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. கொட்டகையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மல்லி வாசனை தூக்கியது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

தப்பாகப் பேசிவிட்டேன் என்றேன். அவர் மாட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். "ஊரு பூராக் கேட்டுச்சு டீச்சர். இப்ப எங்கிட்ட மட்டும் வந்து சொன்னா எப்படி?"

வரும்போது எரிச்சல். என்னைக் கோயிலில் வைத்து அவமானப்படுத்தப் பார்க்கிறாரா? பாஸ்டரிடம் சொன்னேன். "அவர் சொல்றது நியாயந்தானே" என்கிறார். எனக்கு அப்போதே தெரியும், இரண்டு பேருக்கும் பழக்கம் இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். கோயில் நிறைந்திருந்தது. ஆராதனைக்கு வராதவர்களெல்லாம் இன்றைக்கு வந்திருந்தார்கள், எதற்கென்று தெரியாதா?

அதிகாரிகளுக்கான ஜெப நேரத்தில் எழுந்து போனேன். பாஸ்டர் குழாயைப் போடவா என்று கண்ணால் கேட்டார். போடச் சொன்னேன். இரண்டு முறை ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை. வந்தது இதுதான்: "கர்த்தாவே, நான் கண்டது சாக்கு. சாக்குக்குள் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. சுகன்யா மேலும் அந்த வீட்டார் மேலும் நான் போட்ட பழியை எடுத்துப்போடும்."

ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. கிரேஸ் கர்ச்சீப்பை மடித்துக்கொண்டிருந்தாள். நானே சொன்னேன், தனியாக, சத்தமாக.

வீட்டில் இவர் விழித்துக் கிடந்தார். "இப்பத்தான் ஒன் ஆமென் கேட்டுச்சு" என்றார். கஞ்சி ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார். எனக்கு அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 30, புதன்

காற்று நின்றிருக்கிறது. கொசு.

விடிந்ததும் பால் வாங்கப் போகிற சாக்கில் பாதைப் பக்கம் போனேன். இரண்டு கல்தூணுக்கு நடுவே கம்பி இல்லை. பெட்டி தாராளமாகப் போகும். கிட்டப் போய்ப் பார்த்தேன். கம்பியை வெட்டவில்லை. சுருட்டித் தூணோரம் வைத்திருக்கிறது. திரும்ப விரிக்க வசதியாக.

மு.ரா. மோட்டார் போட வந்தார். நானாக எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "பாத தொறந்துதான் இருக்கு. அதுக்காக அவசரம் ஒண்ணும் இல்லேன்னு அண்ணன்ட்டச் சொல்லுங்க."

வந்து சொன்னேன். இவர் சிரித்தார். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். எவ்வளவு நாளாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு. சுருட்டி வைத்த கம்பியைப் பற்றிச் சொல்லவில்லை.

கையெழுத்து விழுந்ததா என்று சுகன்யாவிடம் கேட்கணும். மல்லி கிலோ என்ன விலைக்கு வாங்கினாள் என்றும்.

சாயங்காலம் கிரேஸ். பாதைதான் திறந்தாயிற்றே, சீட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று வீடு வீடாக வாங்குகிறாள். நான் கொடுக்கவில்லை. கம்பி அங்கேயேதான் கிடக்கிறது.